ஒரு கலவைக்கு ஒரு பாராட்டு விழா

சேலம் நாமக்கல் சாலையில் புதுச்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் ஒரு அலங்கார வளைவு வரும். வளைவின் உச்சியில் சிமெண்டுக் கோழி ஒன்று இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. கோழிக்குக் கீழே 'நான்கு வட்டக் கோழிப்பண்ணையாளர் கூட்டுறவுத் தீவன ஆலை' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கும் கீழே, கோழியைவிடப் பெரிதாக, சங்கத் தலைவர் செங்கோடனின் படம் கைகூப்பிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிற லாரி டிரைவர்கள் இதைக் கல்யாண மண்டபம் என்று நினைத்துத் தாண்டிப் போய், பிறகு விசாரித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் நினைத்தது பெரிய தவறில்லை என்பது போகப் போகத் தெரிந்தது.

அந்த ஆலையில் அன்பரசு ஆப்பரேட்டர். கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு திரை, திரைக்கு முன் அவன். மக்காச்சோளம் இவ்வளவு, சோயா இவ்வளவு, சுண்ணாம்புக்கல் இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று அவன் திரையில் கட்டளை கொடுப்பான். கட்டளை மாடியில் இருக்கும் சர்வருக்குப் போகும். சர்வர் சரி என்றால் மிக்சர் சுற்றும். சர்வர் வாயைத் திறக்காவிட்டால் மிக்சரும் அசையாது. முன்பு கையால் இயக்குகிற பழைய பலகை ஒன்று இருந்தது. புதுச் சாஃப்ட்வேரைத் தொடங்கிவைத்த அன்று, "இனிப் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டோம்" என்று மேடையில் அறிவித்துவிட்டு, தலைவர் தன் கையாலேயே அந்தப் பலகையைப் பழைய இரும்புக்காரனிடம் ஒப்படைத்தார். இரும்புக்காரனுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அது பச்சையாக இருந்தால் சர்வருடன் தொடர்பு உள்ளது என்று பொருள். சாம்பல் நிறமானால் தொடர்பு இல்லை. தொடங்கிவைத்த கொஞ்ச நாளிலேயே கட்டம் தன் இஷ்டத்துக்குச் சாம்பலாக ஆரம்பித்தது. சில நேரம் டீ குடிக்கிற பொழுது, சில நேரம் அரை நாள். பிறகு யாரும் தொடாமலே பச்சைக்குத் திரும்பும். இடையில் கலவை பாதியில் நின்றுவிடும். உப்பு விழுந்ததா, விழவில்லையா என்று யாருக்கும் தெரியாது. உப்பு இரண்டு தடவை விழுந்த தீவனத்தைத் தின்ற கோழி தண்ணீர்க் குழாயடியிலேயே செத்துக் கிடக்கும். அதனால் பாதிக் கலவை மொத்தத்தையும் வாரிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாரிக் கொட்டுவதும் அன்பரசுதான்.

அவன் ஒப்பந்த ஊழியன். பணி நிரந்தரம் செய்யும் கோப்பு பொது மேலாளர் குழந்தைவேலின் மேசைமேல் வெகு காலமாக இருந்தது. மூன்று குற்றக் குறிப்பாணை வாங்காதவரை கோப்பு மேசையில் இருக்கும், மூன்றாவது வந்தால் கோப்போடு ஆளும் வெளியே போக வேண்டும் என்பது சங்க விதி. ராசிபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிற அவன் மனைவி சௌந்தர்யா, சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவனை நிரந்தரம் என்றே சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பொய்யை உண்மையாக்குவதுதான் அன்பரசுவின் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே திட்டம்.

ஆகவே அவன் முறைப்படி மேலாளரிடம் போனான்.

"சார், தொடர்பு விட்டு விட்டுப் போகுதுங்க."

"புகாரை வாயால சொல்லக் கூடாது அன்பரசு. சாஃப்ட்வேர்லயே புகார்னு ஒரு பக்கம் இருக்குதில்ல, அதுல போடு" என்றார் குழந்தைவேல்.

"தொடர்பு இல்லாதப்ப அந்தப் பக்கம் தொறக்கறதில்லீங்க சார்."

"வந்த பொறவு போடு."

"வந்த பொறவு போட்டா, 'தற்சமயம் தொடர்பு உள்ளது, புகார் ஏற்கப்படவில்லை'ன்னு வருதுங்க."

குழந்தைவேலின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, எவ்வளவு கரெக்டாப் பதில் சொல்லுது."

சர்வரின் பதிவையும் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு துண்டிப்புகூட இல்லை. கீழே இருக்கிற திரை தெரிவிப்பதை மட்டும்தான் சர்வர் குறித்துக்கொள்ளும். தொடர்பு அறுந்தால் அறுந்த செய்தி மேலே போய்ச் சேராது. சேராத செய்தியைச் சர்வர் குறித்துக்கொள்வதில்லை. அதனால் சர்வரின் கணக்கில் உலகம் பச்சையாகவே இருந்தது.

"நீ சொல்றதை நம்பறதா, சர்வர் சொல்றதை நம்பறதா?"

"அதுக்குத் தெரியாதுங்க சார். அதுக்குத் தெரியறதில்லைங்கறதுதானுங்க நான் சொல்றது."

முதல் குறிப்பாணை அன்று மாலையே வந்தது. 'சங்கத்தின் சர்வரை அறிவில்லாதது எனப் பொருள்படப் பேசியமை.'

ஆனால் தீவனம் வராத பண்ணைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் நாலு ஷெட் வைத்திருந்த ராசப்பன் தன் மினி லாரியை ஆலை வாசலில் குறுக்கே நிறுத்திச் சத்தம் போட்டார். அதனால் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

குழு வருகிற நாளில் ஆலை விழாக்கோலம் பூண்டது. இந்தச் சங்கத்தில் யார் வந்தாலும் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அதைக் கவனிப்பதற்கென்று மரியாதைப் பிரிவு என ஒன்று உண்டு. அதன் கண்காணிப்பாளர் கயல்விழி. வருகிறவரின் தகுதி என்ன என்பதைத் தலைவர் கடைசி நிமிடத்தில் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஜரிகை அகலமானதா, குறுகலானதா, வெறும் பூத்துண்டா என்பது அப்போதுதான் தெரியும். எனவே கயல்விழி இருக்கிற பொன்னாடை முழுவதையும் மாடியிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி, உதறி, சந்தன வாசனை தெளித்து, நீளமான மேசைமேல் தரவாரியாக அடுக்குவார். விழா முடிந்ததும் வாசலில் ஒரு கூடையோடு நிற்பார்.

"போட்டோ உங்களுக்குங்க, துண்டு சங்கத்துக்குங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். விருந்தாளிகள் கழுத்திலிருந்ததை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். துண்டுகள் மறுபடி மடிக்கப்பட்டு மாடிக்குப் போகும்.

போர்த்தி முடித்தபின் குழு கண்ணாடி அறைக்கு வந்தது. கட்டம் பளிச்சென்று பச்சையாக இருந்தது. குழுவினர் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"எங்கே அறுகிறது? காட்டுங்கள்" என்றார் குழுத் தலைவர்.

"இப்ப அறுகலீங்க."

"நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இப்போது அறுந்தால்தானே மரியாதை?"

அன்பரசு திரையைப் பார்த்தான். திரை அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மிக்சர் வெண்ணெய் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. குழு கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனது. கடைசிக் கார் வளைவைத் தாண்டி, கயல்விழி கடைசி மூட்டையை மாடிக்கு ஏற்றி, ஆட்கள் சாமியானாவை அவிழ்த்து முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டம் சாம்பலானது.

இரண்டாவது குறிப்பாணை: 'உயர் அலுவலர்கள் முன்னிலையில் துண்டிப்பை ஆஜர்படுத்தத் தவறியமை.'

பொதுக்குழுவில் ராசப்பன் எழுந்து கேட்டபோது தலைவர் செங்கோடன் மைக்கைப் பிடித்து விளக்கினார். "ராசப்பன் அண்ணன் கோபப்படறாரு. கோபம் வேண்டாம். தொடர்பு போகுதுன்னு சொல்றவங்க, வருதுன்னும் சொல்லணுமில்ல? வாராமயா போகுது? மாசம் முச்சூடும் கூட்டிப் பாத்தா, இருந்த நேரந்தான் அதிகம். பெரும்பான்மைக்குக் கட்டுப்படறதுதான் கூட்டுறவு. போன நேரத்தை மட்டும் எண்ணறது, அது எதிர்க்கட்சிக்காரன் வேலை."

கைதட்டினார்கள். ராசப்பன் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே பக்கத்தில் நின்ற அன்பரசுவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தம்பி, கோழிக்குப் பெரும்பான்மை தெரியாது சாமி. ஒரு வேளை தீனி நின்னாப் பக்கத்துக் கூண்டுக்காரியைக் கொத்தும். ரண்டு நாள் நின்னா முட்டையை நிறுத்திப்போடும். மயிரைக் கொட்டிப்போட்டு அம்மணமா நிக்கும். வந்து பாக்கறியா?"

"நான் என்னங்க பண்ணட்டும்? எனக்கே ரண்டு மெமோ வந்துருச்சு."

"எனக்குக் கோழி போகுது, உனக்கு வேலை போகுது. நல்ல சங்கம்."

சாஃப்ட்வேர் கொடுத்த கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து அனிதா என்ற இன்ஜினியர் வந்தார். அவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து போனவர். இரண்டு முறையும் முன்கூட்டியே கடிதம் போட்டு வந்தார், இரண்டு முறையும் பூத்துண்டு போர்த்தப்பட்டார், இரண்டு முறையும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இந்த முறை கரூரில் வேறொரு வேலை சீக்கிரம் முடிந்து, நாமக்கல் வழியாகப் பஸ் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் புதுச்சத்திரத்தில் இறங்கி ஆட்டோவில் வந்துவிட்டார். தலைவர் ஊரில் இல்லை. கயல்விழி சாப்பிடப் போயிருந்தார். வரவேற்க ஒருவரும் இல்லாத ஒரு விருந்தாளி அந்த ஆலைக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை.

கட்டம் சாம்பலாக இருந்தது.

அனிதா மாடிக்குப் போனார். அன்பரசுவும் பின்னால் போனான். சர்வர் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு இரும்பு ரேக் இருந்தது. சர்வரும், கீழே திரைகளுக்குப் போகிற வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற சுவிட்ச் என்ற தட்டையான பெட்டியும் அதற்குள்தான் இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஜரிகை மட்டும் தெரிந்தது.

"இதென்னங்க?" என்றார் அனிதா.

"பொன்னாடைங்க."

"இது ரேக்குங்க."

"பூட்டு இருக்குது, ஏசி இருக்குது. மத்த அலமாரியில பூச்சி அரிக்குதுன்னு இதுல வெக்கறாங்க."

கம்பெனியிடம் இன்னொரு சாவி இருந்தது. அனிதா திறந்தார். கதவு திறந்த வேகத்தில் பல்வேறு தகுதியுள்ள பொன்னாடைகள் சரிந்து அவர் காலடியில் விழுந்தன. உள்ளே, சுவிட்சின் காற்றுத் துளைகளில் இரண்டு பட்டுத்துண்டுகள் அழுத்தித் திணிக்கப்பட்டிருந்தன. தொட்ட கையை உதறிக்கொண்டார்.

"தோசைக்கல்லு மாதிரி இருக்குதுங்க. சூடு ஏறி ஏறித் தானா அணைஞ்சு போகுது. ஆறினதும் எந்திரிக்குது. அவ்வளவுதான் கதை."

துண்டுகளை வெளியே குவித்துவிட்டு இருவரும் கீழே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டம் பச்சையானது. அன்பரசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழு வருகிற நாளெல்லாம் துண்டு மேசைக்கு வரும், சுவிட்ச் மூச்சு விடும், கட்டம் பச்சையாகும். குழு போனதும் துண்டு உள்ளே போகும், கட்டம் சாம்பலாகும். விசாரிக்க வருகிறவனுக்கு மரியாதை செய்கிறவரை இந்த ஆலையில் எதையும் விசாரிக்க முடியாது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வேலை தப்பியது என்று நினைத்ததால் வந்த சிரிப்பு அது. அந்த நினைப்புதான் அவன் செய்த தவறு.

அனிதா ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதற்காக அவசரக் கூட்டம் போட்டார்கள். அனிதாவையும் இருக்கச் சொன்னார்கள். அன்பரசு கதவோரம் நின்றான்.

கயல்விழி முதலில் எழுந்தார். கண் சிவந்திருந்தது. "பொன்னாடையைத் தரையில போட்டிருக்காங்கங்க. பட்டுத்துண்டு மேல செருப்புத் தடம் இருக்குது. ரேக்குல வெக்கச் சொன்னது போன நிர்வாகக் குழுத் தீர்மானங்க. நானா வெக்கலை. விழா உத்தரவு இல்லாம ஒரு துண்டைக்கூட வெளிய எடுக்கறதுக்கு எனக்கு அதிகாரமில்லீங்க."

"ஒரு அலமாரி வாங்கி அதுல வெச்சுக்கலாமுங்களே" என்றார் அனிதா.

குழந்தைவேல் தலையை ஆட்டினார். "அலமாரிங்கறது தளவாடம். தளவாடம் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் வேணும். பொதுக்குழு அடுத்த வருசம்தான். விழா நடத்தறது மட்டும்தான் தலைவர் அதிகாரத்துல உடனே செய்யற காரியம்."

தலைவர் செங்கோடன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவர் யோசிப்பதைப் போட்டோக்காரர் இரண்டு கோணத்தில் எடுத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்குது? பொன்னாடை வெளிய வந்தாத் தொடர்பு வருதுன்னு எழுதியிருக்குது. பொன்னாடை எப்ப வெளிய வரும்? விழா நடந்தா வரும். அப்ப விழா நடந்தாத் தொடர்பு வரும். இதைத்தான் நான் பதவிக்கு வந்த நாள் முதலாச் செஞ்சுட்டு வாரேன். ஊர்ல என்ன பேசினாங்க? செங்கோடன் வேலை செய்யாம விழா நடத்தறான்னு பேசினாங்க. இன்னிக்கி ஒரு இன்ஜினியரே எழுதிக் குடுத்துட்டாங்க, விழாதான் வேலைன்னு."

"சார், நான் அப்படி எழுதலீங்க" என்றார் அனிதா.

"அடக்கம்" என்றார் தலைவர் குழுவைப் பார்த்து. அனிதாவின் அடக்கத்துக்காக அங்கேயே ஒரு குறுகிய ஜரிகை போர்த்தப்பட்டது. கூடையில் அதைப் போட்டுவிட்டு அவர் வாசல் நோக்கி நடந்தபோது அன்பரசு கூடவே ஓடினான்.

"மேடம், என்னங்க இப்படி ஆயிருச்சு?"

"நான் எழுதினதை அவங்க ஏத்துக்கிட்டாங்க அன்பரசு. ஏத்துக்கலைன்னா மேல பேசலாம். ஏத்துக்கிட்டவங்ககிட்ட என்னத்தைப் பேசறது?" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோவில் ஏறினார்.

தீர்மானம் அன்றே நிறைவேறியது. தொடர்பு துண்டிக்கப்படும்போதெல்லாம் தொழில்நுட்ப நடவடிக்கையாக ஒரு பாராட்டு விழா நடத்தப்படும். கட்டம் சாம்பலானால் அன்பரசு போனில் மேலே சொல்ல வேண்டும். "சார், சாம்பல்" என்பான். உடனே ஒலிபெருக்கி கரகரக்கும். கயல்விழி மூட்டைகளை இறக்குவார். யாரையாவது பிடித்து மேடையில் உட்கார வைப்பார்கள். சுவிட்ச் ஆறும், கட்டம் பச்சையாகும், கீழே அன்பரசு மின்னலாகக் கலவையை ஓட்டுவான். விழா முடிந்து துண்டு உள்ளே போவதற்குள் கலவை முடிந்தாக வேண்டும். அதனால் பேச்சின் நீளம் தீவனத்தின் அளவைப் பொறுத்து அமைந்தது. குஞ்சுத் தீவனத்துக்கு வரவேற்புரையும் நன்றியுரையும் போதும். முட்டைக்கோழித் தீவனம் என்றால் தலைவர் பேச வேண்டும். அவர் இப்போதெல்லாம் பேசி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கி நான் பேசினது ரண்டு லோடு" என்பார்.

முதலில் இயக்குநர்கள், பிறகு அவர்களுடைய சம்பந்திகள், பிறகு வங்கி மேலாளர், கால்நடை மருத்துவர், தபால்காரர், எதிர் டீக்கடை மாஸ்டர் என்று பாராட்டப்பட்டார்கள். மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவரைக் கணக்கு எடுக்கவிடாமல் பாராட்டினார்கள். வளைவுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிறுநீர் கழிக்க ஒதுங்கிய ஒரு நாமக்கல் லாரிக்காரரை, சமூக ஆர்வலர் என்று அறிவித்து அகல ஜரிகை போர்த்தினார்கள். ராசப்பன் ஒருநாள் கூண்டில் செத்துக் கிடந்த கோழியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தார். அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அவரை 'முன்னோடிப் பண்ணையாளர்' ஆக்கிவிட்டார்கள்.

"உடுங்கய்யா, எனக்குத் துண்டு வேண்டாம். கோழி செத்துப்போச்சு, அதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் அவர் மேடையில் நின்று.

"எளிமை" என்றார் தலைவர்.

ஆனால் விழாக்கள் பெருகியதும் கயல்விழி ஒரு புது விதி கொண்டுவந்தார். ஒரே ஆண்டில் ஒருவருக்கு இரண்டு முறை போர்த்தக் கூடாது. போர்த்தினால் மரியாதையின் மதிப்புக் குறையும். அந்த விதியை அவர் தலைவருக்காகக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் பாராட்டப்படாத மனிதர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சிமெண்டுக் கோழி கண்ணில் பட்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகம் பிடித்தார்கள். நேரமில்லாத நேரத்தில் நடுச்சாலையில் கும்பிட்டு வழிமறித்த குழந்தைவேலை ஒரு டேங்கர் லாரி கொஞ்சத்தில் தவறவிட்டது.

அந்த வியாழக்கிழமை கட்டம் காலையிலேயே சாம்பலாகிவிட்டது. ராசப்பன் முதல் நாளே வெறுங்கையோடு திரும்பிப் போனவர். இப்போது விடியலில் வந்து மினி லாரியை ஏற்றுமிடத்தில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பண்ணையில் தொட்டிகள் காலி.

"ஒரு லோடு மட்டும் ஓட்டிக் குடு சாமி. இன்னிக்கி போடலைன்னா நாளைக்கி ஷெட்டுக்குள்ள கால் வெக்க முடியாது" என்றார்.

அன்பரசு போனை எடுத்தான். "சார், சாம்பல்."

"தெரியும். ஆள் இல்லை" என்றார் குழந்தைவேல்.

"துண்டை மட்டும் கொஞ்ச நேரம் வெளிய எடுத்து வெச்சாப் போதுமுங்க சார். யாருக்கும் போர்த்த வேண்டாமுங்க."

"காரணமில்லாமத் துண்டை எடுக்கறது முறைகேடு. மேல வா."

மேலே தலைவரும் மேலாளரும் கயல்விழியும் உட்கார்ந்திருந்தார்கள். கயல்விழி போர்த்தியவர்களின் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "நிரந்தர ஊழியருங்களை உட்டா, இந்த வளாகத்துல இன்னும் போர்த்தாத ஆள் அன்பரசு ஒருத்தர்தானுங்க."

"ஊழியருக்குப் பணி ஓய்வு பெறும்போது மட்டும்தானே போர்த்தலாம்?" என்றார் தலைவர்.

"நிரந்தர ஊழியருக்குத்தான் ஓய்வு நாள் முன்னாலயே முடிவாகியிருக்குதுங்க" என்றார் குழந்தைவேல். "ஒப்பந்தக்காரருக்கு நாம வெக்கறதுதான் நாள்."

மூவரும் அன்பரசுவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பகை எதுவும் இல்லை. அடுப்புக்கு விறகு தேடுகிறவன் நல்ல காய்ந்த கட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"சார், எனக்கு இன்னும் மூணாவது மெமோ வரலீங்களே. தப்பு ஒண்ணும் பண்ணலீங்களே" என்றான் அவன். "நிரந்தரக் கோப்பு உங்க மேசையில இருக்குதுங்க சார்."

"தப்பு பண்ணினதா யார் சொன்னது? தப்பு பண்ணினவனை அனுப்பறது தண்டனை. உன்னை அனுப்பறது கௌரவம். உனக்கு அகல ஜரிகை" என்றார் தலைவர்.

"நான் மேடைக்குப் போனாக் கீழ யாருங்க பட்டனை அமுக்கறது?"

குழந்தைவேல் பொறுமையாகச் சொன்னார். "அது இயக்கம் சம்பந்தப்பட்ட கேள்வி. இப்ப நாம தொடர்பு சம்பந்தப்பட்ட பிரச்சனையைப் பேசிட்டிருக்கறோம். ரண்டையும் போட்டுக் குழப்பாதே. ஒண்ணொண்ணாத் தீர்ப்போம்."

மூட்டைகள் இறங்கின. சந்தன வாசனை பரவியது. ஒலிபெருக்கியில் அவன் பெயர் ஊரெல்லாம் கேட்டது. தலைவர் முட்டைக்கோழித் தீவனத்துக்கு உரிய நீளத்தில் பேசினார்.

"அன்பரசுங்கறவரு யாரு? சாம்பல்னு சொல்றதுக்கு நமக்கு இருந்த ஒரே ஆளு. நாம பச்சையைப் பாத்தப்ப அவரு சாம்பலைப் பாத்தாரு. எங்ககிட்ட மெமோ வாங்கினாரு, கோவிச்சுக்கலை. பாதிக் கலவையை வாரிக் கொட்டினாரு, மூஞ்சியைச் சுளிக்கலை. இன்னிக்கி ராசப்பன் அண்ணனோட கோழி பசியோட இருக்குதுன்னதும், தன்னோட வேலையையே எடுத்துக் குடுத்துட்டாரு. அவருக்கு முன்னால நானெல்லாம் எம்மாத்திரம்? நான் இந்தப் பதவியை உட்டுக் குடுப்பனா? மாட்டேன். என்னால ஆகாது. அந்தப் பெரிய மனசு எனக்கில்லை."

பலத்த கைதட்டல். கழுத்தில் ஜரிகை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். மேடையிலிருந்து பார்க்கக் கண்ணாடி அறை தெரிந்தது. அதற்குள் கட்டம் பச்சையாக மாறியதையும் அவன் பார்த்தான்.

விழா பாதியில் இருக்கும்போதே குழந்தைவேல் மாடிக்குப் போய், பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் பெயரைச் சர்வரிலிருந்து நீக்கினார். அன்றைக்குத் தொடர்பு மிக நன்றாக இருந்தது. நீக்கிய செய்தி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கீழ்த்திரைக்கு வந்து சேர்ந்தது.

வாசல் கூடையில் துண்டைப் போட்டுவிட்டு அன்பரசு ஓடினான். பின்னால் தலைவர் ராசப்பனைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். கண்ணாடி அறையில் உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தான். மறுபடி அடித்தான். 'சர்வருடன் தொடர்பு உள்ளது' என்றது திரை. அதற்கு அடியில், 'ஆப்பரேட்டர் இல்லை.'

ராசப்பன் கதவருகே வந்து நின்றார். பச்சையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"வந்துருச்சில்ல தம்பி? ஓட்டு."

"வந்துருச்சுங்க. நான்தான் இல்லீங்க."

ராசப்பனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தொடர்பு மீண்டதை அறிவித்து மறுபடி கைதட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி வந்து, வெளியாட்கள் இந்த அறைக்குள் இருக்கக் கூடாது என்று அன்பரசுவிடம் சொன்னார். சங்கடத்தோடுதான் சொன்னார்.

அன்பரசு எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளி வைத்தான். மிக்சர் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மேலே தொட்டி நிறைய மக்காச்சோளம் இருந்தது. ராசப்பன் வெற்று மினி லாரியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தார்.

"ராசிபுரம் வரைக்கும் உடட்டுமா?" என்றார்.

"உங்களுக்கு அது வழியில்லீங்களே."

"எனக்கு இனி எந்த வழியா இருந்தா என்ன. ஏறு."

ஏறினான். வளைவைத் தாண்டிச் சாலையில் திரும்பும்போது போன் அடித்தது. சௌந்தர்யா. ஒலிபெருக்கிச் சத்தம் அவளுக்கும் கேட்டது.

"என்னங்க, அங்க விழாவா? யாருக்குங்க?"

"எனக்குத்தான்" என்றான் அன்பரசு.

"நிரந்தரம் பண்ணிட்டாங்களா?" என்று அவள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் அதைச் சொல்லப்போகிற அவசரம் குரலிலேயே தெரிந்தது.

ராசப்பன் சாலையைப் பார்த்து ஓட்டினார். அன்பரசு போனைக் காதில் வைத்திருந்தான்.

"ஹலோ, ஹலோ" என்றாள் சௌந்தர்யா. "கேக்குதுங்களா? எனக்கு இங்க நல்லாக் கேக்குதுங்க. சொல்லுங்க."